உள்ளங்கால் கறுப்பும் தொடையிடுக்கு நெறியும்

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை, சித்தூர்ப் பக்கத்திலிருந்து தோல் புற்று பற்றி வந்த கேள்விகளில் சில. கட்டியைச் சீவிக் கண்ணாடித் தகட்டில் வைத்துப் பார்ப்பது என் தொழில்; அந்த அளவில் பதில் சொல்கிறேன்.

கேள்வி: தோலில் இருக்கிற மச்சம் நுரையீரலுக்கு எப்படி டாக்டர் போகும்?

சாதாரண மச்சம் போகாது. மெலனோமா என்கிற புற்று போகும். முதலில் அது மேல்தோலிலேயே கிடக்கும். அங்கே ரத்தக்குழாய் கிடையாது. கீழே இறங்கி ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்கு மேல் பருக்க வேண்டுமென்றால் அதற்குத் தனியாக ரத்தம் வேண்டும். இதை 1971இல் எடுத்துச் சொன்னவர் ஜூடா ஃபோக்மன் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர். புற்றுச் செல்கள் விஇஜிஎஃப் என்ற புரதத்தைச் சுரக்க, பக்கத்து ரத்தக்குழாய் அந்தத் திசையில் கிளை விடுகிறது. மூலத்தறைத் தடுப்பணையில் தண்ணீர் திறந்த ராத்திரி, வரப்பை வெட்டித் தன் வயலுக்குத் திருப்பிக்கொள்கிற ஆள் நம் ஊரிலும் உண்டே (யாரையும் சொல்லவில்லை). அவசரத்தில் வெட்டிய வாய்க்கால் மாதிரி அந்தக் குழாய்களும் ஒழுகும். புற்றுச் செல்கள் உள்ளே நுழைய அது வசதி; அப்புறம் ரத்தத்தோடு நுரையீரல் வரை போய்விடும்.

கேள்வி: மாமாவுக்கு உள்ளங்காலில் கறுப்புத் திட்டு. இப்போது தொடையிடுக்கில் நெறி கட்டியிருக்கிறது. சம்பந்தம் இருக்குமா?

இருக்கலாம். ரத்தக்குழாய் பாசன வாய்க்கால் என்றால் நிணநீர்க் குழாய் வடிகால். புற்று விஇஜிஎஃப்-சி என்ற இன்னொரு புரதத்தால் வடிகாலையும் பெருக்கிக்கொள்ளும். அதன் சுவர் மெல்லியது, செல்களுக்கு நடுவே இடைவெளி உண்டு, உள்ளே அழுத்தமும் குறைவு. காலின் வடிகால் பெரும்பாலும் முதலில் போய்ச் சேருமிடம் தொடையிடுக்கிலுள்ள நெறி, அதாவது நிணநீர் முடிச்சு. சேற்றுப்புண்ணுக்கும் நெறி கட்டும்தான். ஆனால் கறுப்புத் திட்டும் சேர்ந்திருப்பதால் இந்த வாரமே காட்டுங்கள்.

கேள்வி: கத்தி வைத்தால் பரவிவிடும் என்கிறார்களே?

தப்பு. முறையாக வெட்டிச் சோதிப்பதால் பரவாது. பயந்து தள்ளிப்போடுகிற மாதங்களில்தான் பரவும். எனக்குக் கோபம் வருவது வேறொன்றில்: கால் ஆணி என்று நினைத்து பிளேடால் சீவுவது. மைக்ராஸ்கோப்பில் மேல்தோலிலிருந்து ஆழத்தில் கிடக்கிற கடைசிப் புற்றுச் செல் வரைக்கும் அளப்போம். 1970இல் பிரெஸ்லோ என்ற நோயியல் மருத்துவர் சொன்ன அளவு அது. 0.6 மில்லிமீட்டர் என்றால் மூச்சு விடலாம். 4 என்றால் பேச்சே வேறு. சீவி எடுத்த துண்டில் அடிப்பாகமே இருக்காது. எதை அளப்பது?

கேள்வி: நெறி எல்லாவற்றையும் எடுத்துவிடுவது நல்லதுதானே?

கட்டாயமில்லை. கட்டி இருந்த இடத்தில் நீலச்சாயமும் சிறிது கதிரியக்க மருந்தும் செலுத்தி, அது முதலில் போய்ச் சேரும் நெறியை மட்டும் எடுத்துப் பார்க்கிறார்கள். 1992இல் மார்ட்டன் என்ற அறுவை மருத்துவர் நீலச்சாயத்தை வைத்து விவரித்த முறை; கதிரியக்க மருந்து பிறகு சேர்ந்தது. அதில் நுண்ணிய அளவில் புற்று இருந்தாலும் மிச்சத்தை எடுப்பதால் ஆயுள் கூடவில்லை என்று 2017இல் வந்த ஆய்வு காட்டியது. கால் வீக்கம்தான் கூடியது. கையில் தட்டுப்படுகிற நெறி என்றால் கணக்கு வேறு.

கேள்வி: ரத்தக்குழாயை அடைத்துவிட்டால் போதாதா?

விஇஜிஎஃப்பைத் தடுக்கும் பெவாசிஸுமாப் மருந்தை மெலனோமா வந்த 1,343 பேரை வைத்துச் சோதித்தார்கள். நோய் திரும்புவது கொஞ்சம் தள்ளிப்போனது, ஆயுள் நீளவில்லை. இன்று கை கொடுப்பது எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் மருந்துகள்.

கேள்வி: கட்டைவிரல் நகத்தில் கறுப்புக் கோடு. அடிபட்டதாக இருக்குமோ?

அடிபட்ட கறுப்பு நகம் வளர வளர முன்னால் நகரும். நகராமல் நின்று, அகலமாகி, நகத்தோரத் தோலிலும் மை ஊறியது போல இறங்கினால் போட்டோ அனுப்பாதீர்கள், நேரில் வாருங்கள்.