தொடரியல், அதாவது வாக்கிய அமைப்பை ஆராயும் துறை. அதில் ஓர் ஆய்வாளரின் தாக்கத்தை எப்படி அளப்பது?

மேற்கோள் எண்ணிக்கையை விடுங்கள். அவர் வைத்த பெயர்கள் இன்னும் புழங்குகின்றனவா என்று பாருங்கள். ஜான் ராபர்ட் ராஸ் 1967இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் கொடுத்த முனைவர் பட்ட ஆய்வேட்டில், வாக்கியத்தின் சில பகுதிகளைத் ‘தீவு’ என்றார். காரணம், அவற்றின் உள்ளே இருக்கும் சொல்லைத் தனியாக வெளியே இழுக்க முடியாது.

தமிழிலேயே பார்க்கலாம்: ‘மாலா மதுரையில் வாங்கிய புடவையை ராதா கிழித்துவிட்டாள்.’ இதில் ‘மாலா’ முதல் ‘புடவையை’ வரை ஒரு தீவு. அதை மொத்தமாகத் தூக்கிக் கடைசியில் போட்டாலும் விஷயம் மாறாது. ‘மதுரையில்’ என்பதை மட்டும் கடைசிக்கு நகர்த்துங்கள், கிழித்த இடம் மதுரை ஆகிவிடும்!

ஏன் இப்படி? ராஸின் ஆசிரியரான மொழியியலாளர் நோம் சாம்ஸ்கி 1973இல் ஒரு விளக்கம் தந்தார். அப்புறம் சிலர், இது இலக்கணமே இல்லை, நினைவாற்றலுக்கு ஏறும் சுமைதான் என்றார்கள். சண்டை இன்னும் ஓயவில்லை, ஆனால் ‘தீவு’ என்ற பெயர் இன்னும் புழங்குகிறது. இத்தனைக்கும் அந்த ஆய்வேடு புத்தகமானது 1986இல்தான்.