நகோயாவில் மூன்று ஆண்டுகள்: எந்த வாள்கலையைக் கற்பது?

வாசகர் கேள்வி: மோட்டார் உதிரிபாக நிறுவனம் ஒன்றில் பொறியாளராக மூன்று ஆண்டு ஒப்பந்தத்தில் நகோயாவுக்கு வந்திருக்கிறேன். வயது 36. ஜப்பானின் பழைய வாள்கலையை முறையாகக் கற்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. கெண்டோ, இயாய்தோ, கெஞ்சுட்சு என்று ஆளுக்கொரு பெயர் சொல்வதால் எதில் சேருவது என்று தெரியவில்லை. கல்லூரியில் கால்பந்து ஆடியபோது வலது முழங்காலில் பட்ட அடியால் நெடுநேரம் காலை மடித்து உட்கார முடியாது. ஜப்பானிய மொழியை ஓரளவு பேசுவேன். இந்த மூன்று ஆண்டுகளில் உருப்படியாக எதையேனும் கற்க முடியுமா? ஊர் திரும்பும்போது நிஜ வாள் ஒன்றை வாங்கிவரலாமா?

பதில்: உங்கள் முழங்காலும் நீங்கள் இப்போது வசிக்கும் ஊரும் சேர்ந்து பாதி விடையைத் தந்துவிடுகின்றன. யாக்யூ ஷின்காகே ரியூ என்னும் மரபின் ஒவாரிக் கிளைக்கு நகோயாதான் தாய்வீடு. அதன் அடிப்படைப் பயிற்சி முழுவதும் நின்ற நிலையில், இருவர் எதிரெதிரே நின்று செய்வது. முதலில் அதற்கு முயலுங்கள். இடம் கிடைக்காவிட்டாலோ, நிறுவனம் உங்களை வேறு ஊருக்கு மாற்றும் வாய்ப்பு இருந்தாலோ இயாய்தோவை எடுத்துக்கொள்ளலாம். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதைச் சற்று விரிவாகவே விளக்க வேண்டியிருக்கிறது.

நீங்கள் குறிப்பிட்ட மூன்றில் கெண்டோ என்பது தலைக்கும் மார்புக்கும் கைகளுக்கும் கவசம் அணிந்து, மூங்கிலால் ஆன ஷினாய் என்னும் பயிற்சி வாளைக் கொண்டு தடையின்றி மோதும் பயிற்சி. பொது இடங்களில் வாள் அணிவதற்கு 1876இல் தடை வந்தபின் வாள்கலைக்கு ஆதரவு குன்றியிருந்த நிலையில், 1895இல் கியோத்தோவில் தொடங்கப்பட்ட தாய் நிப்பொன் புதொகுகாய் என்ற அமைப்பு அதை நாடளாவிய ஒழுங்குக்குள் கொண்டுவந்தது. பல மரபுகளின் ஆசிரியர்கள் கூடி வகுத்த பத்துக் காத்தாக்கள், அதாவது முன்கூட்டியே வகுத்த அசைவுத் தொடர்கள், 1912இல் நிலைபெற்றன. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அந்த அமைப்பு கலைக்கப்பட்டு, 1952இல் அகில ஜப்பான் கெண்டோ கூட்டமைப்பு உருவானது. இயாய்தோ, உறையிலிருந்து வாளை உருவும் அசைவையே முதல் வெட்டாக ஆக்கும் கலை. பெரும்பாலும் தனியாளாகச் செய்வது. அதே கூட்டமைப்பு 1969இல் ஏழு காத்தாக்களைப் பொதுப் பாடமாக அறிவித்தது; பின்னர் 1980இலும் 2000இலும் சேர்க்கப்பட்டவற்றோடு இன்று அவை பன்னிரண்டு.

கெஞ்சுட்சு என்று இன்று பொதுவாகச் சுட்டப்படுவது, ஷோகுன்கள் எனப்பட்ட படைத்தலைவர்களின் ஆட்சி முடிந்து பேரரசர் ஆட்சி வந்த 1868 மெய்ஜி மாற்றத்துக்கு முன்பே நிறுவப்பட்டு, ஆசிரியர் மாணவர் வழியாக அறுபடாமல் வந்துசேர்ந்திருக்கும் மரபுகளின் வாள்முறை. இத்தகைய மரபுகளைக் கொரியூ என்பார்கள். இவற்றுக்குப் பொதுப் பாடத்திட்டம் கிடையாது. ஒரு மரபில் சரியென்று சொல்லித்தரும் நிற்கும் முறை இன்னொன்றில் பிழையாகிவிடும். சிபா மாகாணத்தின் கதோரி ஷிந்தோ ரியூவில் காத்தாக்கள் நீளமானவை, மூச்சுவாங்க வைப்பவை. கியூஷூ தீவின் தென்கோடியில் உள்ள ககோஷிமாவின் ஜிகென் ரியூவில், நட்டுவைத்த கட்டையை ஓங்கி ஓங்கி அடிப்பதே அடிப்படைப் பயிற்சி. ஒனோஹா இத்தோ ரியூவில் எதிரில் நிற்பவர் தலையணைபோல் பருத்த கையுறை அணிந்து மாணவரின் மரவாளைத் தம் முன்கையில் தாங்கிக்கொள்கிறார். ஆகவே ‘எந்த மரபு சிறந்தது’ என்று தேடுவதில் நேரத்தைச் செலவிட வேண்டாம். வாரம் தவறாமல் உங்களால் போய்ச் சேரக்கூடிய தூரத்தில், முன்னே நின்று சொல்லித்தரும் ஆசிரியர் இருக்கும் மரபே உங்களுக்கு ஏற்ற மரபு.

நகோயாவில் இருப்பவருக்கு அது பெரிய பேறு. வாள்வீரர் கமிஇசுமி நொபுத்சுனா வகுத்த ஷின்காகே ரியூவை யாக்யூ முனெயோஷி கற்று, 1565இல் அவரிடமிருந்து உரிமைச் சான்று பெற்றார். இந்த முனெயோஷியே 1594இல், பின்னாளில் ஷோகுனான தொகுகாவா இயெயாசுவின் முன்னிலையில், வெறுங்கையுடன் நின்று வாளேந்தியவரை மடக்கிக் காட்டியவர். அவருடைய மகன் முனெனோரி எதோ நகரில் (இன்றைய தோக்கியோ) ஷோகுன்களுக்கு ஆசிரியரானார். முனெயோஷியின் பேரன் தோஷிதோஷி, ஒவாரி மாகாணத்தை ஆண்ட தொகுகாவா யொஷினாவோவிடம் பணியில் அமர்ந்து நகோயாவில் வேரூன்றினார். ஆள்பவரான யொஷினாவோவே இக்கலையின் அடுத்த தலைமுறை வாரிசாகவும் ஆனதால், தலைமைப் பொறுப்பு யாக்யூ குடும்பத்துக்கும் ஒவாரித் தொகுகாவா குடும்பத்துக்கும் இடையே மாறிமாறி வந்திருக்கிறது.

இந்தத் தோஷிதோஷி செய்த மாற்றம் ஒன்று உங்கள் முழங்காலுக்கு நேரடியாகப் பொருந்துகிறது. உள்நாட்டுப் போர்க் காலத்தில் கனத்த கவசம் அணிந்து போரிட்டவர்கள் இடுப்பை ஆழத் தாழ்த்தி, முழங்காலை நன்கு மடக்கி நின்றார்கள். கவசம் அணியாத அமைதிக் காலத்துக்கு அது பொருந்தாது என்று கண்ட அவர், உடலை இயல்பாக நிமிர்த்தி நிற்கும் நிலையை அடிப்படையாக்கினார். அதனால் இம்மரபில் முழங்காலுக்குச் சுமை குறைவு. வணக்கம் செலுத்தும்போது மண்டியிட்டு உட்கார வேண்டியிருக்கும். அடிபட்ட முழங்கால் என்று முன்பே சொல்லிவிட்டால் அதைப் பெரும்பாலும் யாரும் பெரிதுபடுத்துவதில்லை.

இயாய்தோவில் நிலைமை வேறு. கூட்டமைப்பின் பன்னிரண்டில் முதல் மூன்றும் மண்டியிட்ட நிலையில் தொடங்குகின்றன. நான்காவது ஒரு முழங்காலை உயர்த்தி உட்கார்ந்த நிலையில் தொடங்குகிறது. எஞ்சிய எட்டும் நின்றபடி செய்பவை. முசோ ஜிகிதென் எய்ஷின் ரியூ போன்ற பழைய இயாய் மரபுகளிலோ தொடக்கப் பாடத்தின் பெரும்பகுதி மண்டியிட்ட நிலையிலும், அடுத்த பாடம் அந்த ஒற்றை முழங்கால் நிலையிலும் அமைந்திருக்கின்றன. உட்கார்ந்த நிலையிலிருந்து கால்விரல்களை ஊன்றி எழும்போதே வாளை உருவ வேண்டும் என்பதால், உடலின் எடை முழுவதும் மடங்கிய முழங்கால் வழியாகவே மேலேறுகிறது. எலும்பு மூட்டு மருத்துவரிடம் காட்டாமல் இதில் இறங்காதீர்கள்.

இனி, இருவர் எதிரெதிரே செய்யும் பயிற்சியில் என்னதான் கிடைக்கிறது என்பதை ஒரு காத்தாவைக் கொண்டு பார்க்கலாம். ஷின்காகே ரியூவில் தொடக்கத்திலேயே கற்பிக்கப்படும் ஐந்தில் முதலாவதன் பெயர் ‘இத்தோ ரியோதான்’. மாணவர் வாளை வலப்புறம் பின்னால் தாழ்த்திப் பிடித்து, இடது தோளை எதிரிக்கு இலக்காகத் தந்து நிற்கிறார். எதிரில் நிற்பவர் அந்தத் தோளை நோக்கி வெட்டுகிறார். மாணவர் அந்த வெட்டைத் தடுப்பதுமில்லை, விலகி ஓடுவதுமில்லை; தம் உடலின் நடுக்கோட்டில் நேராக மேலிருந்து கீழே வெட்டுகிறார். எதிராளியின் வெட்டு இறங்கிக்கொண்டிருக்கும்போதே மாணவரின் வாள் அவர் கைகளின்மேல் வந்து விழுகிறது. எழுதிக் காட்டினால் நான்கு வரி, செய்து காட்டினால் சில நொடிகள். ஆனால் மாணவர் இம்மியளவு முந்தினாலும் எதிராளி இன்னும் வெட்டில் முழுதாக இறங்கியிருக்கமாட்டார். உங்கள் நோக்கத்தைப் பார்த்துவிட்டு வாளைத் திருப்பிவிடுவார். பிந்தினால் தோளில் அடி விழும். அச்சத்தில் உடலைச் சற்றே சாய்த்தால் நடுக்கோடு குலைந்து, உங்கள் வாள் அவருடைய கைகளை எட்டாமல் காற்றில் போகும்.

இங்கே எதிராளியாக நின்று தோற்கும் பங்கை ஏற்பவர் ஆசிரியரோ மூத்த மாணவரோதான். உத்சிதாச்சி எனப்படும் அந்தப் பொறுப்பு, பெரும்பாலான வாள் மரபுகளில் அனுபவம் மிக்கவருக்கே உரியது. உங்களால் தாங்கக்கூடிய வேகம் எது, எந்த அளவுக்கு மெய்யாகவே வெட்டினால் நீங்கள் கற்பீர்கள் என்பதை அவர்தான் ஒவ்வொரு முறையும் கணிக்கிறார். காத்தா என்றாலே செத்த நடனம் என்று இளக்காரமாகப் பேசுபவர்கள் நல்லதோர் உத்சிதாச்சியின் எதிரில் ஒருமுறையும் நின்றிருக்க மாட்டார்கள் என்பது என் கருத்து. தனியே காணொளி பார்த்துப் பழகுவது ஏன் பயன்படாது என்பதற்கும் இதுவே காரணம்: அசைவுகளை நகலெடுக்கலாம், எதிரில் நிற்பவரை நகலெடுக்க முடியாது.

மெய்யாக வெட்டினால் காயம்படாதா என்று கேட்பீர்கள். இம்மரபில் பயன்படுவது புகுரோ ஷினாய்: நுனிப்பகுதியைப் பல கீற்றுகளாகப் பிளந்த மூங்கிலை, அரக்குப் பூசிய தோலுறைக்குள் செருகியது, சுமார் ஒரு மீட்டர் நீளம். வலிக்கும், எலும்பு முறியாது. மரவாள் மட்டும் பயன்படும் மரபுகளில் எதிராளியின் உடலுக்கு ஓரங்குலம் முன்னே வாளை நிறுத்த வேண்டியிருக்கும்.

மூன்று ஆண்டுகள் போதுமா என்ற கேள்விக்கு நேர்மையான விடை, நீங்கள் எதைப் போதும் என்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கெண்டோ கூட்டமைப்பு வழங்கும் ‘தான்’ என்னும் தகுதிநிலைகளுக்குக் காலக்கணக்கு உண்டு: முதல் ‘தான்’ நிலையிலிருந்து இரண்டாவதற்கு ஓராண்டு, இரண்டாவதிலிருந்து மூன்றாவதற்கு இரண்டு ஆண்டுகள். ஆகவே இயாய்தோவில் சேர்ந்து தவறாமல் சென்றால் ஒப்பந்தம் முடிவதற்குள் இரண்டாம் ‘தான்’ வரை எட்டுவது நடக்கக்கூடியதே; அந்தச் சான்று பிற நாடுகளின் கூட்டமைப்புகளிலும் செல்லும், பயிற்சியைத் தொடர இடமும் கிடைக்கும். கொரியூவில் அப்படி ஏதும் இல்லை. அங்கே மொகுரொகு, மென்கியோ போன்ற ஆவணங்களை ஆசிரியர் தாம் முடிவுசெய்யும் காலத்தில் தருவார். மூன்று ஆண்டுகளில் முதலாவதேகூடக் கைக்கு வராமல் போகலாம். நாடு திரும்பியபின் நீங்களாகவே பிறருக்குக் கற்பிக்கவும் உரிமை இராது. இதை முன்பே மனத்தில் ஏற்றுக்கொண்டு சேருபவர்களே நிலைக்கிறார்கள். பாடத்திட்டத்தின் சிறு பகுதியையே நீங்கள் காண்பீர்கள். ஆனால் அந்தச் சிறு பகுதியில்தான் அம்மரபின் அடிப்படை முழுவதும் இருக்கிறது என்பதால் அதைக் குறை என்று நான் எண்ணவில்லை.

சேரும் முறையைப் பொறுத்தவரை, அறிவிப்பின்றிப் பயிற்சிக்கூடத்தின் வாசலில் போய் நிற்காதீர்கள். நீங்கள் யார், எத்தனை ஆண்டுகள் நகோயாவில் இருப்பீர்கள், முழங்காலில் என்ன சிக்கல் என்பதை மறைக்காமல் ஜப்பானிய மொழியில் ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுதி, பயிற்சியைப் பார்வையிட அனுமதி கேளுங்கள். உடன் பணிபுரியும் ஜப்பானியர் ஒருவரைத் திருத்தித் தரச் சொல்வது நல்லது. பார்வையிடும் நாளில் ஓட்டையில்லாத காலுறையோடு போங்கள், முழு வகுப்பும் முடியும்வரை இருங்கள், கேட்காமல் படம் எடுக்காதீர்கள். அன்றைக்கே சேர்த்துக்கொள்ளுமாறு கேட்பதைவிட, நன்றி கூறி வந்துவிட்டு மறுநாள் எழுதுவது மேல். சில மரபுகளில் சேரும்போது உறுதிமொழி எடுக்க வேண்டும். கதோரி ஷிந்தோ ரியூவில் விரலில் குத்தி இரத்தமுத்திரை வைக்கும் வழக்கம் நிலைத்திருக்கிறது.

ஓர் ஆசிரியரின் மரபு உண்மையானதா என்று அறிய, அவர் யாரிடம் கற்றார், அந்த ஆசிரியர் யாரிடம் கற்றார் என்று கேளுங்கள். உண்மையான மரபில் இருப்பவர் பெயர் பெயராகத் தயங்காமல் சொல்வார். 1935இல் தொடங்கிய நிஹோன் கொபுதோ ஷின்கோகாய், 1979இல் தொடங்கிய நிஹோன் கொபுதோ கியோகாய் ஆகிய இரண்டும் பழைய மரபுகளின் அமைப்புகள். உறுப்பினராக இல்லாத நல்ல மரபுகளும் உண்டு என்பதால் இதையே ஒரே அளவுகோலாகக் கொள்ள வேண்டாம். நவம்பர் 3 அன்று தோக்கியோவின் மெய்ஜி ஜிங்கூ ஆலயத்தில் நடைபெறும் செயல்விளக்கத்துக்கு ஒருமுறை போய்வந்தால், பல மரபுகளை ஒரே நாளில் அருகருகே பார்த்துவிடலாம். சில மாதங்களில் ஆசிரியர் சான்று தருவதாகச் சொல்பவர்களையும், நிஞ்ஜா குடும்பத்தின் இரகசியம் தம்மிடம் மட்டுமே இருக்கிறது என்பவர்களையும் கண்டால் ஒதுங்கிவிடுங்கள்.

கடைசியாக வாள். ஷின்காகே ரியூவில் சேர்ந்தால் தொடக்கத்தில் உங்களுக்கு வாளே தேவைப்படாது. இயாய்தோவில் சேர்ந்தாலும் மொகிதோ எனப்படும், துத்தநாகமும் அலுமினியமும் கலந்து வார்த்த கூரற்ற பயிற்சி வாளே போதும். நீளத்தை ஆசிரியர் சொன்னபின் வாங்குங்கள். நகோயாவுக்கு வடக்கே உள்ள செகி நகரம் நூற்றாண்டுகளாக வாள் செய்யும் ஊர். அங்கேயே இவ்வகை வாள்களைச் செய்பவர்களும் இருக்கிறார்கள். எடுத்துச் செல்லும்போது உறையிலும் பையிலும் இட்டுக் கட்டியே கொண்டுபோங்கள். தக்க காரணமின்றிக் கையில் வைத்திருப்பது போலி வாளுக்கும் குற்றமே.

நிஜ வாளை ஜப்பானில் வெளிநாட்டவரும் வாங்கலாம். 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி 15 சென்டிமீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ள வாளுக்கு மாகாணக் கல்வி வாரியத்தின் பதிவுச் சான்று இருக்க வேண்டும். கைமாறிய 20 நாள்களுக்குள் சான்று வழங்கிய வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும். நாட்டுக்கு வெளியே கொண்டுபோக, பண்பாட்டு விவகாரங்கள் முகமையிடம் தனியே ஏற்றுமதிச் சான்று பெற வேண்டும். அதற்குக் காலம் பிடிக்கும் என்பதால் கடைசி மாதத்தில் ஓடாதீர்கள். இந்தியாவிலும் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் வரையறைக்குள் கூரிய வாள் வருகிறது. உங்கள் மாவட்டத்தில் உரிமம் வழங்கும் அலுவலரிடமும் சுங்கத் துறையிடமும் எழுத்தில் விடை வாங்காமல் முன்பணம் கொடுக்க வேண்டாம். என்னைக் கேட்டால், அந்தப் பணத்தில் மூன்று ஆண்டுகளுக்கான பயிற்சிக் கட்டணத்தைக் கட்டிவிட்டு, ஊருக்கு ஒரு புகுரோ ஷினாயை மட்டும் எடுத்துச் செல்லுங்கள்.