வாசகர் கேள்வி – பதில்: புழு தின்ற செடிக்கும் நன்கொடை கேளுங்கள்

கேள்வி: பொது இடத்தில் எங்கள் குழு அமைத்த பட்டாம்பூச்சித் தோட்டத்தின் தொடக்கச் செலவுக்கு நன்கொடை தாராளமாகக் கிடைத்தது. இரண்டாம் ஆண்டில் தண்ணீருக்கும் பராமரிப்பாளரின் ஊதியத்திற்கும் பணம் போதவில்லை. கட்டணம் பெற்றுக்கொண்டு பட்டாம்பூச்சிகளைப் பறக்கவிடும் விழா நடத்தலாம் என்கிறார்கள் சிலர். நடத்தலாமா?

பதில்: அந்த விழா வேண்டாம். விற்பனைக்காக நெருக்கமாக வளர்க்கப்படும் பூச்சிகளிடையே நோய் எளிதில் பரவும். மோனார்க் பட்டாம்பூச்சியைத் தாக்கும் ஓர் ஒட்டுண்ணியின் வித்துகள் தாயின் உடலிலிருந்து முட்டையின் மீதும் இலையின் மீதும் உதிர்கின்றன. அவற்றைத் தின்னும் புழு வளர்ந்து வெளிவரும்போது பல நேரங்களில் சிறகு சரியாக விரிவதில்லை. காப்பாற்றப் புறப்பட்ட உயிர்களிடமே அந்த நோயைக் கொண்டு சேர்க்கும் விழாவுக்கு எவ்வளவு வசூலானாலும் எனக்கு உடன்பாடில்லை.

திறப்பு விழாவுக்குக் கொடுப்பவர்கள் பராமரிப்புக்குக் கொடுக்கத் தயங்குவதற்குக் காரணம், எதற்குக் கொடுக்கிறோம் என்பது அவர்கள் கண்ணுக்குத் தெரியாததுதான். சிறகு முளைத்த பூச்சி பலவகைப் பூக்களில் தேன் குடிக்கும். ஆனால் புழுவோ பெரும்பாலும் குறிப்பிட்ட சில செடிகளின் இலையை மட்டுமே தின்னும். மோனார்க்கின் புழுவுக்கு எருக்கின் உறவுச் செடிகள் வேண்டும்; வேறு சில இனங்களின் புழுக்களுக்கு எலுமிச்சை இனச் செடிகள் வேண்டும். ஆகவே, ஒரு செடியை ஓராண்டு பேணும் செலவை ஒரு பங்காகக் கணக்கிட்டு, மாதத் தவணையாகவும் கொடுக்கலாம் என்று அறிவியுங்கள். பங்கு ஏற்றவருக்கு அவருடைய செடியில் கண்ட முட்டை, புழு, கூட்டுப்புழு ஆகியவற்றின் படங்களை அனுப்புங்கள். இலைகள் ஓட்டையாகிக் கிடக்கும் படத்தையும் தயங்காமல் அனுப்புங்கள். அந்த ஓட்டைகள்தான் அவருடைய பணம் வேலை செய்ததற்குச் சான்று.

பட்டாம்பூச்சியின் அழகை மட்டும் சொல்லிக் கேட்காதீர்கள். உலகின் முக்கிய உணவுப் பயிர் வகைகளில் சுமார் 75 விழுக்காடு ஓரளவேனும் விலங்குகளின் மகரந்தச் சேர்க்கையை நம்பியிருப்பதாக 2016-இல் ஐ.நா. ஆதரவு பெற்ற பல்லுயிர் மதிப்பீட்டு அமைப்பு தெரிவித்தது. அந்தப் பணியில் பெரும்பங்கு தேனீக்களுடையது. அவற்றில் 20,000-க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. பல இனங்கள் தனித்து வாழ்ந்து மண்ணுக்குள் கூடு அமைப்பவை. அவற்றுக்காகத் தோட்டத்தில் நீங்கள் விட்டுவைத்திருக்கும் வெற்றுமண் பகுதியைக் கவனிப்பாரற்ற இடம் என்று நன்கொடையாளர் கருதிவிடாதபடி, அங்கே ஒரு விளக்கப் பலகை வையுங்கள்.

செடியாகத் தருபவர்களிடம் பூச்சிக்கொல்லி இட்டு வளர்த்ததா என்று கட்டாயம் கேளுங்கள். நியோநிக்கோட்டினாய்டு வகை மருந்துகள் செடியின் சாற்றோடு கலந்து மகரந்தத்திற்கும் தேனுக்கும் சென்றுவிடும். அவற்றுள் மூன்றைத் திறந்தவெளியில் பயன்படுத்த ஐரோப்பிய ஒன்றியம் 2018-இல் தடை விதித்தது. இலவசமாக வந்த செடி என்பதற்காக அதை ஏற்றுவிடாதீர்கள்.

மே 20 உலகத் தேனீ நாள். ஆண்டுச் சந்தாவைப் புதுப்பிக்கக் கேட்பதற்கு அதைவிடப் பொருத்தமான நாள் இல்லை. அதற்குள் தோட்டத்திற்கெனத் தனி வங்கிக் கணக்கு தொடங்கி, ஒவ்வொரு தொகைக்கும் ரசீது கொடுத்து, தண்ணீருக்கு எவ்வளவு, ஊதியத்திற்கு எவ்வளவு, கையிருப்பு எத்தனை மாதத்திற்குத் தாங்கும் என்பதை நுழைவாயிலில் ஒட்டிவிடுங்கள்.