எலெக்ட்ரானிக் பார்க்கிங் பிரேக் உள்ள காரில் பின் பிரேக் பேடை வீட்டிலேயே மாற்றலாமா?

கேள்வி கேட்டவர் கீழே ஒரு வரி சேர்த்திருக்கிறார்: “சர்வீஸ் சென்டரைத் தவிர வேறு யாரும் தொடக் கூடாது என்கிறார்களே, உண்மையா?” அந்த ஒரு வரிக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

மாற்றலாம். நான் மாற்றியிருக்கிறேன். மாற்றி ஒன்றரை வருடம் ஆகிறது, வண்டி தினமும் கடலூருக்கும் பாண்டிக்கும் போய் வந்துகொண்டிருக்கிறது.

நீங்கள் எந்த நிலையில் கேட்கிறீர்கள் என்பதை ஊகிக்க முடிகிறது. வாரண்டி முடிந்திருக்கும். பின்சக்கரத்தில் கீச்சென்று சத்தம் வந்திருக்கும். காலையில் வண்டியை விட்டிருப்பீர்கள், மாலையில் போன் வந்திருக்கும்: “சார், பேட் மட்டும் இல்ல, டிஸ்க்கும் போயிடுச்சு, கேலிப்பரும் மாத்தணும்.” வெளியில் பார்த்துக்கொள்கிறேன் என்றால், “பட்டன் பிரேக் சார், வெளிய தொட்டா கம்ப்யூட்டர் லாக் ஆயிடும்” என்று பதில். (கேலிப்பர் என்பது சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க் தட்டில் பேடை அழுத்திப் பிடிக்கும் கவ்வி. பட்டன் பிரேக் என்றால் லீவருக்குப் பதில் பட்டனில் போடும் எலெக்ட்ரானிக் பார்க்கிங் பிரேக்.) எனக்கும் இதையேதான் சொன்னார்கள். லாக் எல்லாம் ஆகாது. ஆனால் தப்பாகச் செய்தால் உடையும். உடைந்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தவன்.

நான்கு வருடத்துக்கு முன், பாண்டி போகும் வழியில் ஒரு பட்டறையில் என் வண்டியை விட்டிருந்தேன். பட்டறையின் பெயரும் வண்டியின் பெயரும் வேண்டாம். சொன்னால் பேச்சு அதிலேயே நின்றுவிடும். முதலாளி பல வருட அனுபவசாலி. அவரிடம் வேலை கற்றுக்கொண்டிருந்த தம்பிக்குப் பத்தொன்பது வயது இருக்கும். பின் இடது சக்கரத்தைக் கழற்றி, கேலிப்பரை இறக்கி, தேய்ந்த பேடை எடுத்தான். புதுப் பேட் தடிமனானது, அது உட்கார வேண்டுமென்றால் கேலிப்பருக்குள்ளிருந்து பேடைத் தள்ளும் பிஸ்டன் உள்ளே போக வேண்டும். முன்சக்கரத்துக்குச் செய்கிற மாதிரியே சி கிளாம்ப் (திருகி அழுத்தும் கவ்வி) மாட்டித் திருகினான். அசையவில்லை. “அழுத்திப் போடுடா” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. கிளாம்ப் கைப்பிடியில் ஒரு இரும்புக் குழாயைச் செருகி முழு பலத்தையும் கொடுத்தான். டக் என்று ஒரு சத்தம். பாக்குவெட்டியில் கொட்டைப்பாக்கு உடைகிற அளவுதான். பிஸ்டன் உள்ளே போனது. வேலை முடிந்தது என்று அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தான்.

பட்டனை இழுத்தபோது மோட்டார் வெறுமனே சுற்றுகிற இரைச்சல் மட்டும் கேட்டது. டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தது, அணையவே இல்லை.

மோட்டாரோடு சேர்ந்த கேலிப்பர் புதிதாகப் போட வேண்டியதாயிற்று. பணம் நான் கொடுத்தேன். ஆனால் அந்தத் தம்பியின் சம்பளத்திலும் இரண்டு மாதம் பிடித்தார்கள் என்று பின்னால் தெரிந்தபோது மனசு கேட்கவில்லை. அவன் சோம்பேறித்தனத்தால் உடைத்தானா? இல்லை. அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. முதலாளிக்கும் தெரியாது. பக்கத்தில் நின்ற நானாவது கையேட்டைப் புரட்டியிருக்கலாம், அதையும் செய்யவில்லை. அந்த வாரமே உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன்.

விஷயம் இவ்வளவுதான். இந்த வகையில் கேலிப்பரின் முதுகில் ஒரு சின்ன மோட்டார், அதற்குள் வேகத்தைக் குறைத்து பலத்தைக் கூட்டும் பல்சக்கரங்கள், அதிலிருந்து பிஸ்டனுக்குள் போகும் ஒரு மரைத்தண்டு, அதன் மேல் ஒரு நட். கால் பிரேக் போடும்போது பிரேக் ஆயில் பிஸ்டனைத் தள்ளுகிறது. பட்டன் போடும்போது மோட்டார் சுற்றி, அந்த நட் முன்னால் நகர்ந்து, அதே பிஸ்டனை உள்ளிருந்து முட்டுக் கொடுத்து நிற்கிறது. வண்டியோடு வரும் ஸ்க்ரூ ஜாக்கியை நினைத்துக்கொள்ளுங்கள். கைப்பிடியைச் சுற்றினால் ஏறும், இறங்கும். காரின் எடை முழுக்க மேலே உட்கார்ந்தாலும் ஜாக்கி தானாக இறங்குமா? இறங்காது. இந்த மரையும் அதே சாதிதான். பேட்டரி செத்தாலும் பார்க்கிங் பிரேக் விடாமல் பிடித்திருப்பது அதனால்தான். அதே காரணத்தால், நட் முன்னால் நிற்கும்போது பிஸ்டனை வெளியிலிருந்து அழுத்தினால் மரை வழிவிடாது, பல்சக்கரமோ தண்டோ உடையும். பட்டறையில் நடந்தது அதுதான்.

ஆகவே முதலில் மோட்டாரைக் கொண்டே அந்த நட்டைப் பின்னால் இழுக்க வைக்க வேண்டும். இதை சர்வீஸ் மோடு, மெயின்டனன்ஸ் மோடு என்பார்கள். சில வண்டிகளில் ஆக்ஸிலரேட்டரையும் பட்டனையும் ஒரு வரிசையில் அழுத்தினாலே போதும். பல வண்டிகளுக்கு வண்டியின் கம்ப்யூட்டரோடு பேசும் ஸ்கேனர் தேவை. எஞ்சினின் பிழைக் குறியீட்டை மட்டும் படிக்கிற மலிவான ஓபிடி கருவி போதாது. பிரேக் கன்ட்ரோல் யூனிட்டோடு பேசுகிற, உங்கள் மாடலுக்குப் பொருந்துகிற கருவியாக இருக்க வேண்டும். நான் வாங்கியது ₹4,000 சொச்சம். ஒரே ஒரு தடவை கொடுக்காமல் விட்ட லேபர் சார்ஜில் அது திரும்பி வந்துவிட்டது.

மோட்டார் பிளக்கைக் கழற்றி நேராக 12 வோல்ட் கொடுத்து இழுக்கலாமே என்று சிலர் எழுதுவார்கள். மோட்டார் சுற்றும், உண்மைதான். ஆனால் நட் எல்லையைத் தொட்டு கரண்ட் ஏறியதும் நிறுத்துவது கன்ட்ரோல் யூனிட்டின் வேலை. நேராகக் கொடுத்தால் நிறுத்த ஆள் கிடையாது, நட் எங்கே நிற்கிறது என்ற கணக்கும் யூனிட்டுக்குத் தப்பிப்போகும். நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

சரி, என் வண்டிக்கு வருகிறேன். ஒன்றரை வருடத்துக்கு முன் வலது பின்சக்கரத்தில் சத்தம். பாண்டியிலிருந்து வந்து நிறுத்தியதும் அந்த ரிம்மில் மட்டும் கை வைக்க முடியாத சூடு. சர்வீஸ் சென்டரில் ₹31,000 எஸ்டிமேட்: இரண்டு கேலிப்பர், இரண்டு டிஸ்க், பேட். நான் பேட் செட் மட்டும் ₹2,900-க்கு வாங்கினேன். பிறகு அந்தத் தம்பிக்குப் போன் போட்டேன். அவன் இப்போது வேறு பட்டறையில் இருக்கிறான். “சார், அந்த வண்டியா? நான் வரல சார்” என்றான். ஸ்கேனர் வாங்கியிருக்கிறேன், சேர்ந்து கற்றுக்கொள்வோம் என்றதும் ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு வந்து நின்றான்.

வேலையை வீட்டு வாசலில் செய்ய முடியவில்லை. இதைச் சொல்லாமல் போக மனசு வரவில்லை. எங்கள் வீடு தேவனாம்பட்டினம் பக்கம். வீடு கட்டியபோது வாசல்படி தெருவை விட இரண்டடி உயரம். அதன் பிறகு ஒவ்வொரு தடவையும் பழைய ரோட்டைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே போட்டுப் போட்டு, இன்று தெரு எங்கள் போர்டிகோவுக்கு மேலே நிற்கிறது. மழைத் தண்ணீர் உள்ளே வராமலிருக்க வாசலில் சரிவு எடுத்துக் கட்டினோம். கார் அந்தச் சரிவில் ஏறித்தான் தெருவுக்குப் போக வேண்டும். போர்டிகோவிலும் சமமான ஆறடி தரை கிடையாது. ஜாக்கி போடுவது இருக்கட்டும், என் அம்மா வாக்கர் வைத்து நடக்கவே இடமில்லை. மனு கொடுத்தோம், போட்டோ கொடுத்தோம், பழைய ரோட்டை வெட்டி எடுத்துவிட்டுத்தான் புது ரோடு போட வேண்டும் என்று அரசு சொன்னதையே எடுத்துக் காட்டினோம். ராத்திரியில் வந்து போட்டுவிட்டுப் போகிறார்கள். காலையில் எழுந்தால் வீடு நாலு அங்குலம் இறங்கியிருக்கிறது.

அதனால் நெல்லிக்குப்பம் பக்கம் மாமா வீட்டு நெல் காய வைக்கிற சிமென்ட் களத்துக்கு வண்டியை ஓட்டிப் போனோம். சமதளம். கியர் பார்க்கில். முன்சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை. பார்க்கிங் பிரேக்கை எடுத்துவிட்டு வேலை செய்யப் போகிறோம், அப்போது வண்டியைப் பிடித்திருப்பது அந்தக் கட்டைகள்தான், மறக்காதீர்கள். சக்கரம் தரையில் இருக்கும்போதே வீல் நட்டுகளைத் தளர்த்தி, ஜாக்கியில் தூக்கி, எடையை ஸ்டாண்டில் இறக்கினோம். வெறும் ஜாக்கியை நம்பி வீல் வளைவுக்குள் தலையை விடவே கூடாது.

ஸ்கேனரில் சர்வீஸ் மோடைத் தட்டியதும் இரண்டு பின்சக்கரத்திலிருந்தும் “ஊய்ங்” என்று மோட்டார் ஓடி நின்றது. தம்பி கேலிப்பரில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தான். “இதான் சார் அன்னிக்குச் செய்யாம விட்டது” என்றான். பிறகு இக்னிஷனை அணைத்து சாவியைப் பையில் போட்டுக்கொண்டேன். சில வண்டிகள் இன்ஜினை அணைத்தாலோ கதவைத் திறந்தாலோ தானாகவே பார்க்கிங் பிரேக்கைப் போடும். கேலிப்பர் கழன்றிருக்கும்போது அப்படி நடந்தால் பிஸ்டன் வெளியே தள்ளப்படும், இடையில் விரல் இருந்தால் விரல் போகும். சர்வீஸ் மோடில் இருந்தால் போடாது. அப்படியும் வேலை முடியும்வரை யாரும் பிரேக்கை மிதிக்கக் கூடாது, பட்டனைத் தொடக் கூடாது. மாமா பேரனை வண்டிப் பக்கமே விடவில்லை.

கேலிப்பரை இறக்கிக் கம்பியால் கட்டித் தொங்கவிட்டோம், ஹோஸில் (பிரேக் ஆயில் வரும் ரப்பர் குழாயில்) தொங்கக் கூடாது. அப்புறம்தான் உண்மையான நோய் தெரிந்தது. வெளிப் பேடில் பாதி அப்படியே இருக்கிறது. உள் பேட் இரும்புவரை தேய்ந்திருக்கிறது. கேலிப்பர் நகர்ந்து இரண்டு பேடையும் சமமாக அழுத்த வேண்டுமென்றால் அது கைடு பின்கள் என்னும் இரண்டு இரும்புத் தண்டுகளில் வழுக்க வேண்டும். கீழே இருந்த கைடு பின் ஸ்பேனர் போட்டுத் திருகித் திருகித்தான் வெளியே வந்தது. வழவழப்பாக இருக்க வேண்டிய அந்தத் தண்டில் கிரீஸ் இல்லை, கருவாட்டின் மேல் படிந்த உப்பு மாதிரி பழுப்பாக ஒரு பொருக்கு.

கடலோரத்தில் இருப்பவர்கள் இதைக் கவனியுங்கள். தானே புயல் 2011 டிசம்பர் 30-ல் எங்கள் கேட்டைப் பெயர்த்துப் போட்ட பிறகு மாட்டிய புது இரும்பு கேட், இரண்டு தடவை பெயின்ட் அடித்தும் இன்று அடிப்பகுதி விரலால் பெயர்கிறது. அதே காற்றுதான் சக்கரத்துக்குள்ளும் போகிறது. நம் பக்கத்தில் பின் பிரேக் முழுதாகத் தேய்ந்து போவதற்கு முன் உப்பில் இறுகிப் போய்விடுகிறது. கேலிப்பர் போய்விட்டது என்று எனக்குச் சொன்னது இந்த ஒரு கைடு பின் இறுகியதைத்தான். பொருக்கைத் துடைத்து, பிரேக் கிளீனர் போட்டு, பிரேக்குக்கென்று விற்கிற சிலிகான் கிரீஸ் தடவினோம். சாதாரண கிரீஸ் தடவினால் உள்ளே இருக்கும் ரப்பர் உப்பி மறுபடி இறுகும். ஒரு டியூப் கிரீஸ் ₹200-க்குள் முடிந்தது.

டிஸ்க்கின் ஓரத்தில் குறைந்தபட்சத் தடிமன் எத்தனை மில்லிமீட்டர் என்று பொறித்திருக்கும். தடிமன் அளக்கும் வெர்னியர் வைத்துப் பார்த்தோம், இன்னும் மிச்சம் இருந்தது, பள்ளமும் விழவில்லை. அதையும் மாற்றச் சொல்லியிருந்தார்கள். பிரேக் ஆயில் டப்பாவின் மூடியைத் திறந்து, பழைய பேடை பிஸ்டனுக்கு மேல் வைத்து, கிளாம்ப்பைத் தம்பியிடம் கொடுத்தேன். கொஞ்சம் தயங்கினான். இரண்டு விரலால் திருகினான். பிஸ்டன் வெண்ணெயில் கத்தி இறங்குவது போல உள்ளே போனது. எந்த பலமும் தேவைப்படவில்லை. பலம் தேவைப்பட்டால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும், அதுதான் அடையாளம். பழைய கேபிள் ஹேண்ட் பிரேக் வண்டிகளில் பின் பிஸ்டனைச் சுற்றி அழுத்த வேண்டியிருக்கும். மோட்டார் வகையில் பெரும்பாலும் நேராகவே போகும். ஆயில் மேலே ஏறி வழிகிறதா என்று நான் பார்த்துக்கொண்டேன், பெயின்டில் பட்டால் உரித்துவிடும்.

இரண்டு பக்கமும் முடித்து, சக்கரம் மாட்டி, வண்டியை நகர்த்துவதற்கு முன் பிரேக் பெடலைக் கெட்டியாகும்வரை மிதித்தேன். முதல் இரண்டு மூன்று மிதி தரைவரை போகும். அதை மறந்து கிளப்பினால் முதல் திருப்பத்தில் பிரேக் இருக்காது. பிறகு சர்வீஸ் மோடிலிருந்து வெளியே வந்து, ஸ்கேனரில் கேலிப்ரேஷன் (நட் எங்கே நிற்கிறது என்று யூனிட் மறுபடி கணக்கெடுப்பது) ஓடவிட்டேன். மஞ்சள் விளக்கு அணைந்தது.

“பிரேக் உயிர் சம்பந்தப்பட்டது, வீட்டில் செய்யச் சொல்லி ஊரைக் கெடுக்காதீர்கள்” என்று எழுதப் போகிறவர்களுக்கு: உயிர் சம்பந்தப்பட்டது என்பதால்தான் நான் குனிந்து பார்த்தேன். ஸ்டாண்டு, டார்க் ஸ்பேனர் (அளந்து இறுக்கும் ஸ்பேனர்), சரியான ஸ்கேனர் மூன்றில் ஒன்று இல்லையென்றாலும் செய்யாதீர்கள், நானே வேண்டாம் என்பேன். ஹோஸ் வெடித்திருந்தாலோ பிஸ்டன் ரப்பர் கிழிந்து ஆயில் கசிந்தாலோ அது கைதேர்ந்தவர் வேலை. “மெக்கானிக் பிழைப்பில் மண் போடுகிறாய்” என்பவர்களுக்கு: அன்றைக்குத் தம்பிக்கு ஒரு நாள் கூலிக்கு மேலேயே கொடுத்தேன், ஸ்கேனரை அவன்தான் இப்போது பாதி நாள் வைத்திருக்கிறான். க்ரெட்டா, செல்டோஸ், எக்ஸ்யூவி 700, காம்பஸ் என்று எத்தனையோ வண்டிகளின் மேல்ரக மாடல்களில் பட்டன் பிரேக் வந்துவிட்டது. அந்த வண்டிகள் அவன் பட்டறைக்கு வரும்போது அவன் பயப்படாமல் இருக்க வேண்டும்.

சாயங்காலம் கூட்டமில்லாத சாலையில் 50-லிருந்து 10 கிலோமீட்டர் வேகத்துக்கு மிதமாகப் பிரேக் பிடித்துப் பிடித்து எட்டுப் பத்துத் தடவை ஓட்டினோம், முழுதாக நிறுத்தாமல். பேடும் டிஸ்க்கும் ஒன்றோடொன்று பழக வேண்டும். பார்க்கிங் பிரேக்கைச் சோதிக்க சரிவு வேண்டுமே என்றான் தம்பி. எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தோம். சரிவின் நடுவில் நிறுத்தி, கால் பிரேக்கை அழுத்தியபடி பட்டனை இழுத்து, கியரை நியூட்ரலில் போட்டு, காலை மெதுவாக எடுத்தேன். தம்பி வலது பின்சக்கரத்துக்குப் பக்கவாட்டில் உட்கார்ந்து டயரிலும் தரையிலும் சாக்பீஸால் ஒரே கோடு போட்டு வைத்திருந்தான். ஐந்து நிமிடம் பார்த்தோம். கோடு விலகவில்லை.

உங்கள் வண்டியின் மாடலும் வருடமும் எழுதுங்கள், அதற்கு ஸ்கேனர் தேவையா, பட்டன் வரிசையே போதுமா என்று தம்பியையும் கேட்டுச் சொல்கிறேன். கடலோரத்தில் இருக்கிறீர்கள் என்றால் ஐப்பசி மழைக்கு முன்னால் ஒரு தடவை அந்தக் கைடு பின்களை மட்டுமாவது கழற்றிப் பாருங்கள்.