கரும்பாறையும் காற்றும்: மர்மோட் வேட்டைப் பயணம் பற்றிய கேள்வி-பதில்

பனி உருகத் தொடங்கியதும் இந்தக் கேள்விகள் வந்துவிடுகின்றன. அமெரிக்க மேற்கு மாநிலங்களின் வேட்டைக்காரர்கள் ‘ராக்சக்’ என்று அழைக்கும், பாறை வளைகளில் வாழும் பெரிய கொறிவிலங்கான மஞ்சள்வயிற்று மர்மோட்டைத் தேடிப் பொது நிலத்துக்குப் போக விரும்பும் வாசகர்கள் கேட்டவை இவை. தெற்கு ஐடஹோவை மனத்தில் வைத்தே பதில் சொல்கிறேன். நான் நடந்து பழகிய மண் அது.

எச்-1பி விசாவில் சியாட்டிலில் வேலை பார்க்கிறேன். நண்பர் தன் ரைபிளைத் தருவதாகச் சொல்கிறார். நான் சுடலாமா?

வேட்டை உரிமம் கைக்கு வரும்வரை அந்த ரைபிளைத் தொடாதீர்கள். தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் தடை செய்கிறது. பயிற்சிக் களத்தில் நண்பரிடம் ஐந்து நிமிடம் வாங்கிச் சுட்டாலும் அந்தத் தடைக்குள் வரக்கூடும். அமெரிக்க மாநிலம் ஒன்று வழங்கிய, காலாவதியாகாத வேட்டை உரிமம் உள்ளவர்களுக்கு விலக்கு உண்டு. ஆகவே முதலில் வேட்டைக்காரர் கல்வி வகுப்பு, அடுத்து உரிமம், அதன் பிறகுதான் பயிற்சிக் களம். ஐடஹோவில் 1975 ஜனவரி 1 முதல் பிறந்தவர்கள் அந்த வகுப்பின் சான்றிதழையோ முந்தைய உரிமத்தையோ காட்ட வேண்டும். கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்த விசாத் தடை இல்லை. இதில் சறுக்கினால் குடும்பமே ஊர் திரும்ப நேரிடலாம். குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரிடம் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

பிள்ளைகளுக்கு விடுமுறை என்பதால் ஜூலை கடைசி வாரம் வரலாம் என்றிருக்கிறேன். சரிதானே?

தாழ்வான சமவெளிக்கு அது சரிவராது. தெற்கு ஐடஹோவின் ஸ்னேக் ஆற்றுச் சமவெளியில் மர்மோட்டுகள் பிப்ரவரி கடைசியிலும் மார்ச்சிலும் வளையை விட்டு வெளியே வருகின்றன. கோடையில் புல் காய்ந்ததும் மீண்டும் உள்ளே போய்விடுகின்றன. ஜூலை கடைசியில் வெறும் பாறையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். உயர்ந்த மலைகளில் கணக்கு வேறு. அங்கே வசந்தம் பிந்தி வருவதால் ஆகஸ்டிலும் அவை நடமாடும்.

என்னைக் கேட்டால் மார்ச் கடைசியும் ஏப்ரல் தொடக்கமும்தான் பொருத்தமான காலம். பிறகு குட்டிகளுக்குப் பால் கொடுக்கும் தாய்கள் பாறைமேல் வந்து அமர்கின்றன. அப்போது ஒரு தாயைச் சுட்டால் வளைக்குள் இருக்கும் குட்டிகளும் பட்டினியால் சாகும். சட்டம் தடுக்காத மாநிலத்திலும் நான் அந்த வாரங்களில் போவதில்லை.

பொது நிலம் எது, தனியார் நிலம் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பி.எல்.எம். எனப்படும் நில மேலாண்மைப் பணியகத்தின் பொறுப்பில் ஏறத்தாழ 24.5 கோடி ஏக்கர் இருக்கிறது. அதன் வரைபடங்களில் பி.எல்.எம். நிலம் மஞ்சள், தேசிய வனம் பச்சை, மாநில நிலம் நீலம், தனியார் நிலம் வெள்ளை. கைபேசிச் செயலி உதவும், ஆனால் பள்ளத்தாக்கில் சிக்னல் கிடைக்காது. வரைபடத்தை முன்கூட்டியே இறக்கிவைத்துக்கொள்ளுங்கள், அச்சிட்ட பிரதி ஒன்றையும் எடுத்துச்செல்லுங்கள்.

மர்மோட்டுக்குப் பிடித்த இடம் குதிரைமசால் வயலை ஒட்டிய பாறைக் குவியல். அதாவது மஞ்சளும் வெள்ளையும் உரசிக்கொள்ளும் எல்லை. முதல் ஆண்டில் நான் வேலி இல்லை என்று நம்பி ஒரு விவசாயியின் நிலத்துக்குள் இருநூறு அடி நடந்துவிட்டேன். அவர் வண்டியை நிறுத்திப் பொறுமையாக எல்லைக்கல்லைக் காட்டினார். மன்னிப்புக் கேட்டேன். அடுத்த வசந்தத்தில் முறையாகப் போய் அனுமதி கேட்டபோது மறுக்காமல் கொடுத்தார். தன் வயலைத் தின்னும் விலங்கைக் குறைக்க வருபவர், கேட்டுவிட்டு வந்தால் பல விவசாயிகள் வரவேற்கவே செய்கிறார்கள்.

பி.எல்.எம். நிலம் என்பதாலேயே எங்கும் சுடலாம் என்றில்லை. ஐடஹோவின் தலைநகர் பாய்சிக்குத் தெற்கே ஸ்னேக் ஆற்றை ஒட்டி, கழுகு, வல்லூறு போன்ற இரைகொல்லிப் பறவைகளுக்காக 1993-இல் அறிவிக்கப்பட்ட பாதுகாப்புப் பகுதி இருக்கிறது. அதன் ஆற்றோரப் பள்ளத்தாக்கில், பறவைகள் கூடு கட்டும் மாதங்களில் ரைபிளுக்குத் தடை. உள்ளூர் பி.எல்.எம். அலுவலகத்தைத் தொலைபேசியில் கேட்பதுதான் நல்லது.

மாநிலம் மாறினால் விதியும் மாறும். கொலராடோவில் மர்மோட்டுக்குப் பருவமும் தினசரி வரம்பும் உண்டு. வாஷிங்டனில் ஒலிம்பிக் மர்மோட்டும் நரைத்த மர்மோட்டும் பாதுகாக்கப்பட்டவை. நீங்கள் பார்ப்பது எந்த இனம் என்று உறுதியாகத் தெரியாவிட்டால் விசையில் விரல் வைக்காதீர்கள்.

சிறு விட்டத் தோட்டா சுடும் .223 ரைபிளில் 600 கெஜத்தில் அடிக்கலாம் என்று காணொளிகளில் காட்டுகிறார்கள். முடியுமா?

இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தோட்டா விழும் அளவை தூரமானியும் அட்டவணையும் சொல்லிவிடும். காற்றை எந்தக் கருவியும் முழுதாகச் சொல்லாது. மணிக்கு 10 மைல் பக்கக்காற்றில், 55 கிரெயின் எடையுள்ள வழக்கமான .223 தோட்டா 200 கெஜத்தில் 4 அங்குலத்துக்குச் சற்று மேல் விலகும். 400 கெஜத்தில் சுமார் 20 அங்குலம். 600 கெஜத்தில் நான்கரை அடி. காற்றை 10 என்று கணித்தீர்கள், உண்மையில் 7 தான் இருந்தது என்றால், 400-இல் அந்தப் பிழையே 6 அங்குலம். நிமிர்ந்து நிற்கும் மர்மோட்டின் உடல் அகலமே அவ்வளவுதான். 600-இல் பிழை 16 அங்குலமாகிவிடும். அங்கே குறி தவறினால் பரவாயில்லை, மண்ணில் போய் விழும். விலங்கின் இடுப்பில் படுவதுதான் கொடுமை. காயம்பட்ட மர்மோட் பாறை இடுக்குக்குள் இழுத்துக்கொண்டு போய்விடும். உங்களால் அதை எடுக்கவும் முடியாது, முடிக்கவும் முடியாது.

நீண்ட, கனமான தோட்டா சுடும் 6 மி.மீ. ரைபிளில் இந்த விலகல் ஏறத்தாழப் பாதியாகும். பாதியானாலும் பிழை பிழைதான்.

ஸ்னேக் ஆற்றுப் பள்ளத்தாக்கில் இன்னொரு சிக்கல். நீங்கள் படுத்திருக்கும் விளிம்பில் ஒரு காற்று, நடுவில் ஒரு காற்று, எதிர்ப்பாறையில் ஒரு காற்று. பாறை சூடேறியதும் காற்று மேலே ஏறத் தொடங்கும். கையில் பிடித்த காற்றுமானி உங்கள் இடத்தை மட்டுமே அளக்கிறது. நடுவழியில் இருக்கும் புல்லைப் பாருங்கள், தொலைநோக்கியில் கானல் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள். ஏப்ரலில் வெயில் பாறையில் பட்ட பிறகே மர்மோட் வெளியே வரும், நண்பகலுக்கு முன்பே காற்று எழுந்துவிடும். நமக்குக் கிடைப்பது அந்த இடைப்பட்ட ஓரிரு மணி நேரம்தான்.

என் அளவுகோல் இது: ஊரில் பயிற்சி செய்யும்போது, காற்றுள்ள நாளில், படுத்த நிலையில், முதல் தோட்டாவை 4 அங்குல வட்டத்துக்குள் பத்துக்கு ஒன்பது முறை வைக்க முடிகிற தூரம் எதுவோ, வேட்டையில் அதுவே உங்கள் எல்லை. பலருக்கு அது 250 கெஜம். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. மீதித் தூரத்தைத் தவழ்ந்து குறையுங்கள்.

எந்தத் தோட்டா நல்லது?

எரிமலைக் குழம்பு உறைந்த கரும்பாறையில் கெட்டியான தோட்டா பட்டால் எங்கே தெறிக்கும் என்று சொல்ல முடியாது. பட்டதும் உடைந்து சிதறும் தோட்டாவைத் தேர்ந்தெடுங்கள். வானத்தைப் பின்னணியாகக் கொண்ட விலங்கைச் சுடவே கூடாது.

ஈயம் வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். சிதறிய ஈயத் துகள்கள் தங்கிய உடலை எடுக்காமல் விட்டால் பொன்னாங்கழுகும் அண்டங்காக்கையும் தின்று நஞ்சேறிப்போகும். கலிபோர்னியா 2019 ஜூலை முதல் வேட்டையில் ஈயத் தோட்டாவையே தடை செய்துவிட்டது. செம்புத் தோட்டா விலை கூடுதல், சில ரைபிள்களில் துல்லியம் கிடைக்கச் சற்று அலைய வேண்டும். அந்த அலைச்சல் தகும்.

விமானத்தில் ரைபிளைக் கொண்டுவரலாமா?

உள்நாட்டு விமானத்தில் கொண்டுவரலாம். தோட்டா நிரப்பாமல், பூட்டிய கெட்டிப் பெட்டியில், விமானத்தின் சரக்கறையில் போகும் சாமானாக, முகப்பில் அறிவித்து. தோட்டாவுக்கு எடை வரம்பு உண்டு, உங்கள் விமான நிறுவனத்தின் விதியைப் படித்துக்கொள்ளுங்கள்.

மர்மோட்டைக் கையால் தொடலாமா? பிளேக் வருமாமே?

மேற்கு மாநிலங்களின் காட்டுக் கொறிவிலங்குகளிடையே பிளேக் கிருமி இன்றும் இருக்கிறது, தெள்ளுப்பூச்சி வழியாகப் பரவுகிறது. தானாகச் செத்துக் கிடப்பதை அணுகாதீர்கள். சுட்டதை எடுக்கும்போது ரப்பர் கையுறை போட்டுக்கொள்ளுங்கள், கால்சட்டையிலும் காலுறையிலும் பூச்சி விரட்டி தெளியுங்கள். பாறை இடுக்கில் கை விடும் முன் வாலைக் கிலுகிலுக்கும் நச்சுப் பாம்பு (ராட்டில்ஸ்னேக்) இருக்கிறதா என்று பாருங்கள். திரும்பிய இரண்டு வாரத்துக்குள் காய்ச்சலோடு அக்குளிலோ தொடையிடுக்கிலோ நெறி கட்டினால், மர்மோட்டைத் தொட்டதை மருத்துவரிடம் முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். சீக்கிரம் கண்டுபிடித்தால் நுண்ணுயிர்க்கொல்லி மருந்தில் குணமாகிவிடும்.