கேளுங்கள், சட்டம் சொல்கிறோம்: சிறைக்குள் வைத்தியம்

கைது, ஜாமீன் பற்றிய பகுதியைப் படித்துவிட்டு, உள்ளே இருப்பவர்களின் உடம்பைப் பற்றிக் கேட்டு எழுதிய வாசகர்களுக்கு இந்த முறை இடம் ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: என் கணவர் தொரப்பாடி மத்திய சிறையில் ரிமாண்டில் இருக்கிறார். எட்டு வருஷமாகச் சர்க்கரை. காலையும் ராத்திரியும் இன்சுலின் போட வேண்டும். மனு பார்க்க (சிறையில் அவரை நேரில் சந்திக்க) போனபோது இன்சுலின் பேனாவைக் கொண்டுபோனேன், வாங்க மறுத்துவிட்டார்கள். ‘உள்ளே டாக்டர் பார்த்துக்குவார்’ என்கிறார்கள். நம்பலாமா?
— குடியாத்தம் வாசகி

வாங்க மறுத்தது சரிதான், அம்மா. மனு பார்க்கிற இடத்தில் மருந்து கைமாறக் கூடாது. யார் மூலமாகவாவது தெரியாமல் உள்ளே அனுப்பினால் 1894-ஆம் ஆண்டுச் சிறைச் சட்டத்தின் 42-ஆம் பிரிவில் உங்கள் மேலேயே வழக்கு விழும். ஆனால் மருந்தோடு விஷயத்தையும் திருப்பிக் கொண்டுவந்துவிட்டீர்களே, அதுதான் தப்பு.

சிறைக்குள் வரும் ஒவ்வொருவரையும் மருத்துவ அலுவலர் பார்த்து, உடல்நிலை, காயம், தழும்பு எல்லாவற்றையும் பதிய வேண்டும் என்கிறது அதே சட்டத்தின் 24-ஆம் பிரிவு. கோளாறு அங்கேதான் ஆரம்பிக்கிறது. கோர்ட்டில் ஆஜர்படுத்தி, அலைக்கழிந்து, பொழுது சாய்ந்த பிறகு உள்ளே போகும் மனிதர், ‘ஏதாவது வியாதி இருக்கா?’ என்றால் ‘இல்லை சார்’ என்று சொல்லிவிடுவார். பதிவேட்டில் ‘நலம்’ என்று ஏறிவிடும். அந்த ஒரு சொல்லைத் திருத்துவதுதான் உங்கள் முதல் வேலை.

சிறைக் கண்காணிப்பாளருக்கு ஒரு மனு எழுதுங்கள், நகல் சிறை மருத்துவ அலுவலருக்கு. கணவர் பெயர், அவர் அப்பா பெயர், வழக்கின் குற்ற எண், சிறை எண். எத்தனை வருஷமாகச் சர்க்கரை, என்ன இன்சுலின், எந்த வேளைக்கு எத்தனை யூனிட், கடைசியாகத் தாழ்சர்க்கரை வந்து மயங்கியது எப்போது என்பதையும் எழுதுங்கள். மருந்துச் சீட்டு, டிஸ்சார்ஜ் சம்மரி நகல்களை இணையுங்கள். நேரில் கொடுத்தால் உங்கள் பிரதியில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். தராவிட்டால் ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

யூனிட் எண்ணிக்கையை மட்டும் எழுதினால் போதாது. பேனாவா குப்பியா என்பதும் வேண்டும். பேனாவில் இருப்பது மில்லிக்கு 100 யூனிட். அரசு ஆஸ்பத்திரிகளில் புழங்கும் குப்பி பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட், அதற்கான சிரிஞ்சு சிவப்பு மூடி போட்டது. சிவப்பு மூடி சிரிஞ்சில் 100 யூனிட் மருந்தை இழுத்தால் பத்துக் கோட்டுக்குப் பத்து யூனிட் போகாது, இருபத்தைந்து போகும். இன்னொன்று சாப்பாட்டு நேரம். சிறையில் ராத்திரிச் சாப்பாட்டை அறைகளைப் பூட்டுவதற்கு முன்பே, மாலையிலேயே கொடுத்துவிடுவார்கள். கலப்பு இன்சுலின் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் போடுவது. ஊசியை மாலையில் போட்டுக்கொண்டு சோற்றை எட்டு மணிக்கு என்று எடுத்து வைத்தால், நடுவில் சர்க்கரை சரிந்து பூட்டிய அறைக்குள் விழுவார். ‘ஊசி நேரமும் உணவு நேரமும் பொருந்தும்படி மருத்துவ அலுவலர் உத்தரவிட வேண்டும்’ என்று அதே மனுவில் ஒரு வரி சேருங்கள்.

அந்த உத்தரவுக்கு என்ன மதிப்பு என்கிறீர்களா? 38-ஆம் பிரிவைப் பாருங்கள். மருத்துவ அலுவலர் தாமே கொடுத்துவிடும் மருந்து தவிர மற்ற உத்தரவுகள் எல்லாம் சிறைவாசியின் ஹிஸ்டரி டிக்கெட்டிலோ (அவருக்கென்று சிறையில் வைத்திருக்கும் பதிவுச் சீட்டு) அதற்கென உள்ள பதிவேட்டிலோ அன்றன்றைக்கு ஏற வேண்டும். ஒவ்வொன்றுக்கும் நேராக, நிறைவேற்றப்பட்டதா இல்லையா என்று ஜெயிலர் தேதியோடு எழுத வேண்டும். 1894-இல் வெள்ளைக்காரன் போட்ட சட்டம்தான். ஆனாலும் பின்னால் வந்த பல வழிகாட்டு நெறிகளைவிட இந்த ஒரு பிரிவுக்குப் பல் அதிகம். டாக்டர் சொன்னது நடக்காவிட்டால் யாரால் நடக்கவில்லை என்பது அந்தக் காகிதத்திலேயே நிற்கும்.

உடம்பு முடியாதபோது உங்கள் கணவர் வார்டரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். டாக்டரைப் பார்க்கக் கேட்பவர் பெயரையும், கேட்காவிட்டாலும் பார்வைக்கே சுகமில்லாதவராகத் தெரிபவர் பெயரையும் தாமதிக்காமல் ஜெயிலருக்குச் சொல்வது பொறுப்பில் உள்ள காவலரின் கடமை, 37-ஆம் பிரிவு. ரிமாண்ட் நீட்டிப்புக்கு மாஜிஸ்திரேட் முன் வரும்போது, வீடியோவில் என்றாலும், அவரே சொல்லட்டும்; வக்கீல் ஒரு மெமோவும் போடட்டும். நோயுற்றவருக்கு ஜாமீன் தர பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் வந்தது) 480-ஆம் பிரிவில் இடமுண்டு. அப்போது இந்த முத்திரை போட்ட மனுவெல்லாம் கைகொடுக்கும்.

கேள்வி: தண்டனைக் கைதியான என் தம்பிக்குச் சிறுநீரகத்தில் கல். அடுக்கம்பாறை அரசு ஆஸ்பத்திரிக்கு இரண்டு முறை தேதி கொடுத்தும் கூட்டிப் போகவில்லை. சிஎம்சியில் (வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி, தனியார் ஆஸ்பத்திரி) காட்டச் சொல்லிக் கேட்கலாமா?
— ஆம்பூர் வாசகர்

இதில் டாக்டரைக் குறை சொல்லிப் பயனில்லை. தேதி தவறுவதற்கு வழக்கமான காரணம் வழிக்காவல் கிடைக்காதது. வெளி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவது ஆயுதப்படைப் போலீஸ். சிறை நிர்வாகம் எழுதிக் கேட்டு, அவர்கள் ஆள் அனுப்ப வேண்டும். பந்தோபஸ்து, திருவிழா, தேர்தல் என்றால் முதலில் வெட்டு விழுவது இதற்குத்தான். ‘ஆள் இல்லை’ என்பது அவர்களுக்குள் பேசிக்கொள்ள வேண்டிய விஷயம். சிறைவாசிக்கு வைத்தியம் தராமல் இருக்க அது சட்டக் காரணம் ஆகாது. அவர் உயிரும் அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவுக்குள்தான் இருக்கிறது.

மூன்று தேதிகளைக் கேட்டு மனுப் போடுங்கள்: டாக்டர் பரிந்துரைத்த நாள், வழிக்காவல் கேட்டு எழுதிய நாள், பதில் வந்த நாள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்பதானால் 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி, உயிர் தொடர்பான தகவல் என்பதால் 48 மணி நேரத்துக்குள் தரும்படி அந்தச் சட்டத்தின் 7(1)-ஆம் பிரிவைக் குறிப்பிடுங்கள். அடுத்தவர் நோய் விவரம் என்று மறுப்பார்கள். தம்பி கையெழுத்திட்ட சம்மதக் கடிதத்தைச் சேர்த்துவிட்டால் அந்த வாய்ப்பும் போச்சு.

சிஎம்சியைப் பொறுத்தவரை, அரசு ஆஸ்பத்திரியில் முடியாத சிகிச்சை என்று டாக்டர் எழுதினால் வாதம் வலுவாகும். வீட்டார் விருப்பம் மட்டும் என்றால் நீதிமன்ற உத்தரவு தேவைப்படும், செலவும் உங்கள் தலையில் விழும். கல் உடைக்க அடுக்கம்பாறையே போதும் என்பது எங்கள் அபிப்பிராயம். வழிக்காவலை வாங்குவதில் மெனக்கெடுங்கள். மூன்றாவது தேதியும் தவறினால் சென்னை உயர் நீதிமன்றத்தில் அரசியலமைப்பின் 226-ஆம் பிரிவில் ரிட் மனு. வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் கவலை வேண்டாம்: காவலில் இருப்பவர் யாராக இருந்தாலும் இலவசச் சட்ட உதவிக்கு உரியவர், வருமானம் பார்க்க மாட்டார்கள். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக் குழுவில் கேளுங்கள், அல்லது 15100-ஐ அழையுங்கள்.

போகிறபோக்கில் ஒன்று. ஆஸ்பத்திரிக் கட்டிலில் விலங்கு மாட்டிக் கட்டி வைத்திருந்தால் யார் உத்தரவு என்று கேளுங்கள். நீதிமன்ற உத்தரவில்லாமல் அப்படிச் செய்யக் கூடாது என்று 1995-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

கேள்வி: கிளைச்சிறையில் முழுநேர டாக்டர் இல்லையாமே?
— சோளிங்கர் வாசகர்

பெரும்பாலும் இருப்பதில்லை, பக்கத்து அரசு ஆஸ்பத்திரி டாக்டர் வந்து பார்ப்பார். டாக்டர் இல்லை என்பதற்காகப் பொறுப்பு இல்லாமல் போகாது. தொடர் வைத்தியம் தேவைப்படுபவரை மத்திய சிறைக்கு மாற்றக் கேட்டு மனுக் கொடுக்கலாம்.

கேள்வி: என் மகன் சாப்பிடுவதில்லை, தனக்குத்தானே பேசுகிறான் என்று அவன் பிளாக்கில் இருந்து வெளியே வந்தவர் சொன்னார். முன்பே மனநல மருந்து சாப்பிட்டவன்.
— அணைக்கட்டு வாசகர்

மருந்து சட்டென்று நின்றுபோனதா என்று முதலில் பாருங்கள் ஐயா. பழைய சீட்டோடு இன்றே எழுதுங்கள். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 103-ஆம் பிரிவுப்படி அவரைச் சிறை மருத்துவப் பிரிவின் மனநல வார்டில் வைக்க வேண்டும். அது இல்லையென்றால் மனநல மறுஆய்வு வாரிய அனுமதியோடு வெளியே உள்ள மனநல நிறுவனத்துக்கு அனுப்ப வேண்டும். தனி அறையில் பூட்டிவைப்பது சிகிச்சை இல்லை. வழக்கு நடப்பதே அவருக்குப் புரியாத நிலை என்றால் சன்ஹிதாவின் 367, 368-ஆம் பிரிவுகளின் கீழ் மனுப் போட வக்கீலிடம் சொல்லுங்கள்.

கேள்வி: சிறையில் ஒருவர் இறந்தால் வீட்டார் என்ன கேட்க வேண்டும்?
— ராணிப்பேட்டை வாசகர்

மாஜிஸ்திரேட் விசாரணையைக் கேட்க வேண்டும். சன்ஹிதாவின் 196-ஆம் பிரிவில் அது கட்டாயம். இறப்பை 24 மணி நேரத்துக்குள் தேசிய மனித உரிமை ஆணையத்துக்குத் தெரிவித்தார்களா, பிரேதப் பரிசோதனையை வீடியோ எடுத்தார்களா என்று கேளுங்கள். சிறைச் சட்டம் 15-ஆம் பிரிவின் பதிவு நகலையும் மறக்காதீர்கள். முதலில் முடியவில்லை என்று சொன்ன நாள், மருத்துவ அலுவலருக்குத் தகவல் போன நாள், சிறை ஆஸ்பத்திரியில் சேர்த்த நாள், டாக்டர் கடைசியாகப் பார்த்த நேரம் எல்லாம் அதில் இருக்க வேண்டும். முதல் இரண்டு தேதிகளுக்கும் இடையில் எத்தனை நாள் என்று எண்ணிப் பாருங்கள். வழக்கு பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான் இருக்கும். ஆணையத்துக்குப் புகார் எழுத ஒரு வருஷம்தான் கெடு.

கேள்வி: சிறையில் காசநோய் மருந்து ஆரம்பித்த என் அண்ணனுக்கு மூன்றாம் மாதம் விடுதலை. மீதி மருந்துக்கு எங்கே போவது?
— வாணியம்பாடி வாசகி

மறு நாளே பக்கத்து அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு. விடுதலையாகும்போது அவருடைய நிக்‌ஷய் எண்ணையும் (அரசின் காசநோய்ப் பதிவு எண்) சிகிச்சை அட்டையையும் கேட்டு வாங்குங்கள்; அந்த எண் இருந்தால் விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள், சத்துணவுக்கான மாதம் 1,000 ரூபாயும் அதில்தான் வரும். வழக்கமான காசநோய்க்கு மொத்தம் ஆறு மாதம், முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து, பிறகு மூன்று. அவருக்கு இன்னும் பாதிக்கு மேல் பாக்கி. இருமல் நின்றதும் விடுகிறவர்களுக்குத்தான் மருந்துக்கு அடங்காத காசநோய் வருகிறது. விடுதலை நாளில் அவர் ஆபத்தான நிலையில் இருந்தால், அவர் விருப்பத்துக்கு மாறாக வெளியே அனுப்பக் கூடாது என்று சிறைச் சட்டத்தின் 26-ஆம் பிரிவு சொல்கிறது. சிறை வாசலில் ஆட்டோவில் ஏற்றிவிட்டால் வாயை மூடிக்கொண்டு வந்துவிடாதீர்கள்.