காசில்டன்: வின்னட்ஸ் ஏறாமல் ஈடேல் போக

இங்கிலாந்தின் பீக் மாவட்டத்தில் உள்ள காசில்டன் ஊரில் தங்கி, வின்னட்ஸ் பாஸ் என்ற செங்குத்தான கணவாய்ச் சாலையில் ஏறாமல், பக்கத்து ஊரான ஈடேலுக்கு சைக்கிளில் போய்வர வழி கேட்டிருந்தீர்கள். தாராளமாக முடியும். கிழக்கே ஹோப் என்ற ஊர் வரை போய், ஊருக்குள் இடப்பக்கம் ஈடேல் சாலையில் திரும்புங்கள். நோ ஆற்றின் பள்ளத்தாக்கில் சாலை மெல்லத்தான் ஏறும். அதே வழியில் திரும்பினால் மொத்தம் 20 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம்.

திரும்பும்போது ஈடேலிலிருந்து மாம் நிக் கணவாய் வழியாகச் சுற்றி வரத் தோன்றும். முதல் தடவை வேண்டாம். அந்த ஏற்றமே கடுமை, அப்புறம் வின்னட்ஸில் 20 சதவீதச் சரிவில் கார்களுக்கும் ஆடுகளுக்கும் நடுவே பிரேக்கைப் பிடித்தபடி இறங்க வேண்டும். வின்னட்ஸுக்கு மாற்றாக இருந்த பழைய மாம் டோர் சாலை நிலச்சரிவால் 1979இல் மூடப்பட்டது. ரோட் பைக்குக்கு ஆகாது.

இன்னொரு நாள் கிடைத்தால், பாம்ஃபோர்டு வழியாக லேடிபவர் நீர்த்தேக்கம் போங்கள். வார இறுதியில், அங்குள்ள ஃபேர்ஹோம்ஸ் பார்வையாளர் மையத்துக்கு அப்பால் கார்கள் வராது, அருமையான சாலை.